படம் சுருங்கலாம், வரப்பு சுருங்கக் கூடாது

(நாஞ்சில் நாட்டு உழவர் கூட்டமொன்றில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் விதை நேர்த்தியைப் பற்றியும், இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றியும், தழைச்சத்தைப் பிரித்து இடுவதைப் பற்றியும் பேசுவோம். இன்று கொஞ்சம் வேறான பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்கள் வயலின் படம் கணினியிலிருந்து கைபேசிக்கு எப்படி வந்து சேருகிறது, வழியில் அதை எப்படிச் சுருக்குகிறார்கள், சுருக்கி வந்த படம் சரியான படம்தானா என்று எப்படிச் சோதிப்பது என்பதே அப்பொருள். "இது படித்த பிள்ளைகள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று எண்ண வேண்டாம். இன்று அடங்கலில் உங்கள் பயிர் என்னவென்று ஏறுவதற்கும், வெள்ளம் வந்தால் நிவாரணப் பட்டியலில் உங்கள் பெயர் சேருவதற்கும் இந்தப் படத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

படம் ஏன் முக்கியமாயிற்று?

கிராமக் கணக்கு எண் 2 ஆகிய அடங்கலை முன்பெல்லாம் கையால் எழுதினார்கள். இப்போது மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு வந்துவிட்டது. கணக்கெடுப்பவர் கைபேசியோடு வயலுக்கு வருகிறார். அதில் கிராமத்தின் நிலப்படம் விரிகிறது. அவர் எந்தச் சர்வே எண்ணில், எந்த உட்பிரிவில் நிற்கிறார் என்பதைச் செயற்கைக்கோள் வழி இடங்காட்டி காட்டுகிறது. அந்த எல்லைக்குள் நின்று பயிரைப் படம் எடுத்துப் பதிகிறார். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவ மாணவியரும் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் நிலப்படம்தான். படம் திறந்தால் வேலை சுலபம். திறக்காவிட்டால், அல்லது பாதி திறந்து நின்றுவிட்டால், ஆள் ஊகத்தில் இறங்குகிறார். நமது நாஞ்சில் நாட்டிலோ வயல்கள் சிறியவை. ஒரு வரப்புக்கு இப்பக்கம் அம்பை 16 நெல், அப்பக்கம் வாழை, அதற்கடுத்துத் தென்னங்கன்று. ஒரு வரப்பு தள்ளிப் பதிந்தால் நெல் போட்டவர் பெயரில் வாழை ஏறும். கும்பப்பூவில் வெள்ளம் புகுந்து நெல் அழுகினால், "உமது நிலத்தில் நெல்லே இல்லையே" என்ற பதில் வரும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. 2021 நவம்பரில் பெருமழை பெய்து வயல்களை மூழ்கடித்தது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்கள் நான்கிலும் வெள்ளம் வந்தது. இத்தகைய வேளையில்தான் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நிலப்படம் தேவைப்படுகிறது. அதே வேளையில்தான் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் கைவிடுகின்றன. மிச்சமிருக்கும் மெலிந்த அலைவரிசையில் படம் வந்து சேர வேண்டுமானால், அது சிறியதாக இருக்க வேண்டும். ஆகவேதான் சுருக்கி அனுப்புவது அவசியமாகிறது.

அணையிலிருந்து மடைவரை

நிலப்படம் ஒரே கணினியிலிருந்து நேராக உங்கள் கைக்கு வருவதில்லை. நம் பாசனத்தையே பாருங்கள். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் புறப்படுகிறது. தோவாளைச் சானல், அனந்தனாறு, நாஞ்சில்நாடு புத்தனாறு எனப் பிரிகிறது. பின்னர் குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். படமும் இப்படித்தான் வருகிறது. படங்களைச் சேமித்து வைத்துக் கேட்பவருக்குக் கொடுக்கும் கணினிக்கு வழங்கி என்று பெயர், சர்வர் என்பார்கள். ஒரு துறையின் வழங்கியில் புல எல்லைகள் இருக்கும். ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 2009 ஆகஸ்டில் தொடங்கிய 'புவன்' தளத்தின் வழங்கியில் செயற்கைக்கோள் படங்கள் இருக்கும். மூன்றாவதாக ஒரு வழங்கி, இவ்விரண்டையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உங்கள் கைபேசிக்கு அனுப்பலாம். வெவ்வேறு அலுவலகங்களின் வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்றே பொதுவான மொழி ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. 'வெப் மேப் சர்வீஸ்' எனப்படும் அதன் முதல் வடிவம் 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: ஓட்டம் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையில். மற்றொன்று, வழங்கிக்கும் கைபேசிக்கும் இடையில். கடைமடையைத் திறந்துவிட்டு, மேலே சானல் ஷட்டரை அடைத்து வைத்தால் வயலுக்குத் தண்ணீர் வருமா? வராது. அதுபோல ஓர் ஓட்டத்தில் மட்டும் சுருக்கத்தை இயக்கிவிட்டு மற்றதை மறந்துவிட்டால் பயன் பாதிதான்.

சுருக்குவது என்றால் என்ன?

பழைய பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே ஊர்ப் பெயரையும் வட்டப் பெயரையும் வரிக்கு வரி எழுதாமல் 'மேற்படி' என்று எழுதினார்கள். அதையும் சுருக்கி ௸ என்ற ஒரே குறியைப் போட்டார்கள். படிப்பவர் மேலே பார்த்து முழுப் பெயரையும் தெரிந்துகொள்வார். எழுத்து மிச்சமாயிற்று, பொருள் ஒன்றும் குறையவில்லை.

கணினியும் இதையேதான் செய்கிறது. "இத்தனை எழுத்துக்கு முன்னால் வந்ததையே இத்தனை நீளத்துக்கு மறுபடி போட்டுக்கொள்" என்று குறித்து வைக்கும் முறையை லெம்பல், ஸிவ் என்ற இருவர் 1977-இல் வெளியிட்டனர். அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறியும், அபூர்வமாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியும் கொடுக்கும் முறையை ஹஃப்மன் என்பவர் 1952-இலேயே வகுத்திருந்தார். இவ்விரண்டையும் இணைத்துச் செயல்படுவதே 'ஜீஜிப்' என்னும் சுருக்க முறை. 1992-இல் ழான்-லூ கையி, மார்க் ஆட்லர் ஆகியோர் இதை உருவாக்கினர். இன்று உலகெங்கும் வழங்கிகள் இதைப் பயன்படுத்துகின்றன. இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

நம் நிலப்படத்துக்கு இது மிகவும் பொருந்தும். படத்தில் ஒவ்வொரு வரப்பு முனையும் இரண்டு எண்களாகப் பதிவாகியிருக்கிறது. ஒன்று கிழக்குத் தீர்க்கரேகை, மற்றொன்று வடக்கு அட்சரேகை. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள எந்த வயலை எடுத்தாலும் முதல் எண் 77.4 என்றும், இரண்டாவது எண் 8.1 அல்லது 8.2 என்றும்தான் தொடங்கும். ஆயிரக்கணக்கான முனைகளிலும் இதே எண்கள், இதே காற்புள்ளி, இதே தலைப்புச் சொற்கள். எல்லாவற்றுக்கும் 'மேற்படி' போட்டுவிடலாம் அல்லவா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராமத்தில் 1,500 உட்பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 10 முனைகள், ஒரு முனைக்கு 20 எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், எண்களுக்கு மட்டும் 3 லட்சம் எழுத்துகள் ஆகும். சர்வே எண், உட்பிரிவு, தலைப்புச் சொற்கள் எல்லாம் சேர்ந்து மொத்தம் 12 லட்சம் எழுத்துகள் என்று கொள்வோம். தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட் ஆகக் குறைந்துவிடும் கைபேசித் திட்டங்கள் பல உண்டு. அந்த வேகத்தில் விநாடிக்கு 8,000 எழுத்துகள் வரும். 12 லட்சம் எழுத்துகள் வர இரண்டரை நிமிடம் ஆகும். இத்தகைய எழுத்து வடிவக் கோப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம். அப்போது அரை நிமிடத்தில் படம் வந்துவிடும். மலையடிவார வயலில் நின்று, அலைவரிசை விட்டு விட்டு வரும் இடத்தில், இரண்டரை நிமிடத்துக்கும் அரை நிமிடத்துக்கும் உள்ள வேறுபாடு, பதிவு நடக்கிறதா இல்லையா என்ற வேறுபாடேயாகும்.

சுருக்கினால் எல்லை மாறுமா?

"படத்தைச் சுருக்கினால் என் நிலமும் சுருங்கிவிடாதா?" என்று உழவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை, எந்த வகைச் சுருக்கம் என்பதைப் பொறுத்தது. மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை, இழப்பில்லாச் சுருக்கம். ஜீஜிப் இவ்வகையைச் சேர்ந்தது. வைக்கோலை இயந்திரத்தில் இறுக்கிக் கட்டி லாரியில் ஏற்றுகிறோம். தொழுவத்தில் கட்டை அவிழ்த்தால் ஒரு தாள்கூடக் குறையாமல் முழு வைக்கோலும் கிடைக்கிறது. இதுவும் அப்படியே. சுருங்குவது வழியில் மட்டுமே. வந்து சேர்ந்து விரிந்தபின் ஒவ்வொரு எண்ணும் அனுப்பியபடியே இருக்கும். எல்லை ஒரு விரற்கடைகூட மாறாது.

இரண்டாம் வகை, இழப்புள்ள சுருக்கம். புகைப்படங்களுக்குப் பயன்படும் 'ஜேபெக்' இத்தகையது. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டுப் படத்தைச் சிறிதாக்குகிறது. தீட்டிய அரிசியில் தவிட்டைத் திரும்ப ஒட்ட முடியாதது போல, கழிந்தது கழிந்ததுதான். பார்ப்பதற்கு மட்டுமான பின்னணிப் படத்துக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் பயிரின் பசுமையை எண்ணாகக் கணக்கிடும் ஆய்வுக்கு இது ஆகாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஒரு ஏர். 25 சென்ட் வயலுக்குச் சுமார் 10 புள்ளிகளே கிடைக்கும். அவற்றிலும் ஓரப் புள்ளிகள் பக்கத்து வயலோடு கலந்திருக்கும். இருக்கும் பத்தின் மதிப்பையும் சுருக்கத்தால் கலைத்துவிட்டால் நம் சிறு வயல்களைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் வகையே நாம் அஞ்ச வேண்டியது. சுருக்கம் என்ற பெயரில், எண்களின் கடைசித் தசம இலக்கங்களை வெட்டிவிடுவது. நிலப்பரப்பில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தசமத்துக்குப் பின் 6 இலக்கம் இருந்தால் ஒரு படி 11 சென்டிமீட்டர். 5 இலக்கம் என்றால் 1.1 மீட்டர். 4 இலக்கத்தோடு நிறுத்தினால் 11 மீட்டர். முழுமையாக்கும்போது ஒரு முனை ஐந்தரை மீட்டர் வரை விலகலாம். 40 மீட்டர் நீள வரப்பு ஒன்று ஐந்தரை மீட்டர் நகர்ந்தால் 220 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்தரை சென்ட் இடம் மாறுகிறது. 25 சென்ட் வைத்திருப்பவருக்கு இது சிறு தொகையா? வழங்கி மென்பொருள்களில் எத்தனை தசம இலக்கம் அனுப்புவது என்று நிர்ணயிக்கும் இடம் உண்டு. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் ஜீஜிப்பை இயக்க வேண்டுமே தவிர, இலக்கத்தை வெட்டக் கூடாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்க வேண்டாம்?

எழுத்து வடிவில் வருபவை எல்லாம் நன்கு சுருங்கும். எல்லைகளைத் தரும் ஜிஎம்எல், ஜியோஜேசன், கேஎம்எல் கோப்புகளும், வழங்கி தன்னிடம் உள்ள படங்களை வரிசைப்படுத்திச் சொல்லும் பட்டியலும் இதில் அடங்கும். பிஎன்ஜி, ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை மறுபடி சுருக்குவது பிழிந்த கரும்பை மறுபடி ஆலையில் விடுவது போலாகும். சாறு வராது, வேலை மட்டும் கூடும். மிகச் சிறிய பதில்களையும் விட்டுவிடலாம். ஜீஜிப் தன் தலைப்புக்கும் கடைக்குறிப்புக்குமாக 18 எழுத்தளவு இடம் பிடித்துக்கொள்வதால், சிறு பதில் சில சமயம் பெருத்துவிடுவதும் உண்டு.

சுருக்கத்தை இயக்குவது எப்படி?

உங்கள் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, நீரைப் பயன்படுத்துவோர் சங்கமோ தங்கள் குளம், மடை, வயல் படங்களைத் தாங்களே வழங்க விரும்பலாம். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'மேப்சர்வர்' ஒன்று. 2001-இல் தொடங்கப்பெற்ற 'ஜியோசர்வர்' மற்றொன்று. கணினி படித்த உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இவற்றை நிறுவ முடியும். அவர்களுக்குச் சில குறிப்புகளைச் சொல்லுகிறேன்.

சுருக்கம் என்பது இரு கணினிகளுக்கிடையே நடக்கும் ஓர் உடன்பாடு. கேட்கும் கணினி, தன் கோரிக்கையோடு 'அக்செப்ட்-என்கோடிங்: ஜீஜிப்' என்ற ஒரு வரியையும் அனுப்புகிறது. "சுருக்கிக் கொடுத்தாலும் எனக்கு அவிழ்க்கத் தெரியும்" என்பது அதன் பொருள். கொடுக்கும் கணினிக்குச் சுருக்கத் தெரிந்தால், சுருக்கிய பதிலோடு 'கன்டென்ட்-என்கோடிங்: ஜீஜிப்' என்ற வரியைச் சேர்த்து அனுப்புகிறது. கேட்பவர் கேட்காவிட்டால் கொடுப்பவர் சுருக்குவதில்லை. கொடுப்பவருக்கு அந்த ஏற்பாடு இல்லாவிட்டால், கேட்டும் பயனில்லை. ஆகவே இரு பக்கமும் இயக்க வேண்டும்.

கொடுக்கும் பக்கம்: மேப்சர்வர் பெரும்பாலும் 'அப்பாச்சி' என்ற வலை வழங்கியின் கீழ் இயங்கும். அதில் 'மாட் டிஃப்ளேட்' என்ற உறுப்பை இயக்கி, எந்தெந்த வகைக் கோப்புகளைச் சுருக்க வேண்டும் என்று பட்டியல் தர வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரண வலைப்பக்கங்களின் வகைகளை மட்டும் பட்டியலில் எழுதிவிட்டு, நிலப்பட மென்பொருளுக்கே உரிய ஜிஎம்எல், படப்பட்டியல் ஆகியவற்றின் வகைப் பெயர்களை விட்டுவிடுகிறார்கள். அப்போது முகப்புப் பக்கம் சுருங்கி வரும், நிலப்படமோ முழு எடையோடு வரும். ஜியோசர்வரில் சுருக்க வேண்டிய வகைகளின் பட்டியல் 'வெப்.எக்ஸ்எம்எல்' என்ற கோப்பில் இருக்கிறது. நீங்கள் வழங்கும் வகைகள் அதில் அடங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்கும் பக்கம்: உங்கள் வழங்கி மற்றொரு வழங்கியிடமிருந்து எல்லைகளை வாங்குகிறது என்றால், அந்த இணைப்பைப் பதியும் படிவத்தில் 'ட்ரை ஜீஜிப்' என்ற குறியீட்டை இயக்கியிருக்க வேண்டும். ஜியோசர்வரில் இது உண்டு.

நடுப்பக்கம்: இரண்டுக்கும் நடுவே இடைவழங்கி ஒன்று இருந்தால், அது 'சுருக்கிக் கொடு' என்ற வரியைக் கத்தரித்து விடலாம். அல்லது சுருக்கிய பதிலைச் சேமித்து வைத்து, அவிழ்க்கத் தெரியாத கருவிக்கும் அதையே கொடுக்கலாம். அப்போது படத்துக்குப் பதில் கிறுக்கல்தான் தெரியும். இதைத் தடுக்க வழங்கி 'வேரி: அக்செப்ட்-என்கோடிங்' என்ற வரியையும் பதிலோடு அனுப்ப வேண்டும். சுருக்கியதையும் சுருக்காததையும் தனித்தனியே வைத்துக்கொள் என்பது இதன் பொருள்.

சரிபார்ப்பது எப்படி?

இயக்கிவிட்டோம் என்பதால் இயங்குகிறது என்று ஆகிவிடாது. உரம் இட்டுவிட்டோம் என்பதால் பயிர் எடுத்துக்கொண்டது என்று ஆகாதது போல. கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும்.

1. கணினியின் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, வலைப்போக்குவரத்தைக் காட்டும் பகுதியைத் திறந்து, நிலப்படத்தை வரவழையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் வந்து சேர்ந்த எடை, விரிந்தபின் எடை என இரண்டு எண்களைக் காணலாம். எல்லைக் கோப்புக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சுருக்கம் நடக்கவில்லை. முன்பே திறந்த பக்கமானால் நினைவகத்திலிருந்து எடுத்துக் காட்டக்கூடும். ஆகவே நினைவகத்தை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

2. அதே கோப்பின் பதில் தலைப்பில் 'கன்டென்ட்-என்கோடிங்: ஜீஜிப்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். 'கர்ல்' என்ற சிறு கருவியால் சோதிப்பவர்கள் தலைப்பை மட்டும் கேட்காமல் முழுப் பதிலையும் கேட்க வேண்டும். தலைப்பை மட்டும் கேட்டால் சில வழங்கிகள் இந்த வரியைத் தருவதில்லை.

3. சுருக்கச் சொல்லி ஒரு முறை, சுருக்க வேண்டாம் என்று ஒரு முறை, ஒரே படத்தை இரு முறை வாங்கி எடையை ஒப்பிடுங்கள்.

4. மேற்சொன்ன மூன்றும் உங்கள் மேசைக்கும் வழங்கிக்கும் உள்ள கடைசி ஓட்டத்தையே சோதிக்கின்றன. வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையிலான மேல் ஓட்டத்தைச் சோதிக்க, உங்கள் வழங்கிக் கணினியிலேயே அமர்ந்து, அங்கிருந்து மேல்வழங்கியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மேல்வழங்கியின் நாட்குறிப்பில் சுருக்க விகிதத்தைப் பதியச் செய்தால் இன்னும் நல்லது. அப்பாச்சியில் இதற்கு வசதி உண்டு. மடையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல் சானல் தலைப்புக்கும் போய்ப் பார்ப்பது போன்றது இது.

5. கடைசியாக, வந்தது முழுமையானதா என்ற சோதனை. நெல்லைக் களத்தில் மரக்காலால் அளக்கிறோம். பத்தாயத்தில் போடும்போதும் அளக்கிறோம். இரண்டு கணக்கும் ஒத்தால்தான் வழியில் சிந்தவில்லை என்று பொருள். ஜீஜிப் தன் கடைக்குறிப்பில் இத்தகைய ஓர் அளவையை எழுதி அனுப்புகிறது. மூல நீளமும், 'சிஆர்சி-32' என்ற சரிபார்ப்பு எண்ணும் அதில் உண்டு. தற்செயலாகக் கெட்ட கோப்பு இந்த எண்ணோடு ஒத்துப்போகும் வாய்ப்பு 429 கோடியில் ஒன்று. விரிக்கும்போது எண் ஒத்துவராவிட்டால் கருவி பிழை என்று சொல்லும். அந்தப் பிழையை அலட்சியம் செய்யக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு முறை வாங்கிய கோப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துவரவில்லை என்று உடனே கலங்க வேண்டாம். வழங்கி சில பதில்களில் அந்த நேரத்தைக் குறித்து அனுப்புவதால் அந்த ஓரிடம் மாறும். உட்பிரிவுகளின் எண்ணிக்கை, மொத்தப் பரப்பு, முனைகளின் எண்கள் ஆகிய மூன்றும் ஒத்தால் போதுமானது.

உழவர் தாமே செய்ய வேண்டியவை

இவ்வளவும் பிள்ளைகளுக்கும் அலுவலர்களுக்கும். நீங்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவதாக, வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையில் உங்கள் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து, அச்சிட்டு ஒரு பிரதி, கைபேசியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். வெள்ளத்தன்று தேடினால் கிடைக்காது. இணையத்தில் எடுத்த பட்டாவில் குறிப்பு எண் ஒன்று இருக்கும். அதை அதே தளத்தில் இட்டுப் பட்டா உண்மையானதுதானா என்று சரிபார்க்கலாம்.

இரண்டாவதாக, பட்டாவில் உள்ள பரப்பையும் கைபேசிப் படம் காட்டும் பரப்பையும் ஒப்பிடுங்கள். பட்டாவில் 0 ஹெக்டேர் 10.50 ஏர் என்றிருந்தால், ஒரு ஏருக்கு 2.47 சென்ட் வீதம் சுமார் 26 சென்ட். கைபேசிப் படம் 24 அல்லது 28 என்று காட்டினால் காரணம் கேளுங்கள்.

மூன்றாவதாக, புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் எழுதப்பட்டிருக்கும். டேப்பைப் பிடித்து இரண்டு பக்கங்களையாவது அளந்து பாருங்கள். கைபேசி இடங்காட்டியே பல மீட்டர் தவறக்கூடியது. ஆகவே திரையில் நீலப்புள்ளி வரப்புக்கு வெளியே தெரிந்தவுடன் படம் தவறென்று முடிவுகட்ட வேண்டாம். பக்கத்து வயல்காரரோடு சண்டைக்கும் போக வேண்டாம். எல்லைக்கு ஆதாரம் நில அளவைப் பதிவேடே அன்றித் திரையில் தெரியும் படமன்று.

நான்காவதாக, கணக்கெடுப்பவர் வரும் நாளில் கூட இருங்கள். வயலுக்குப் புறப்படுமுன், நல்ல அலைவரிசை உள்ள இடத்திலேயே கிராமப் படத்தை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பதிந்தபின் சர்வே எண், உட்பிரிவு, பயிர் ஆகிய மூன்றையும் திரையில் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் பயிர், உங்கள் உரிமை.

ஐந்தாவதாக, படம் திறக்கவில்லை, எல்லை தள்ளியிருக்கிறது என்றால் அந்த இடம், நாள், நேரம், சர்வே எண் ஆகியவற்றைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்ட அலுவலகத்து நில அளவைப் பிரிவிலும் எழுத்து மூலம் கொடுங்கள். மாதந்தோறும் நாகர்கோவிலில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். 'ஆப் வேலை செய்யவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் சரிசெய்ய இயலாது. 'இந்தக் கிராமத்தின் எல்லைக் கோப்பு சுருங்காமல் வருகிறது, இரண்டரை நிமிடம் ஆகிறது' என்று உங்கள் வீட்டுப் பிள்ளை அளந்து எழுதித் தந்தால், பொறியாளர் அன்றைக்கே தேட வேண்டிய இடத்தைத் தேடுவார்.

1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதற்கு முன்னும் பின்னும் நம் நிலங்களின் கணக்கு ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கணினிக்கும் மாறி வந்திருக்கிறது. கணக்கு ஒரு வடிவிலிருந்து மறு வடிவுக்கு மாறும் போதெல்லாம் சிறு உழவருக்குத்தான் நட்டம் வரும் அபாயம் அதிகம். ஏனென்றால் அவரிடம் இழப்பதற்கு மிச்சம் இல்லை. ஆகவே இம்முறை மாற்றத்தைத் தெரிந்துகொண்டு, அளந்து, சரிபார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: இழப்பில்லாச் சுருக்கத்தை இரண்டு ஓட்டத்திலும் இயக்க வேண்டும். எழுத்துக் கோப்பைச் சுருக்க வேண்டும். படக் கோப்பை மறுபடி சுருக்க வேண்டாம். தசம இலக்கத்தை வெட்ட அனுமதிக்கக் கூடாது. களத்திலும் பத்தாயத்திலும் அளப்பது போல அனுப்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சரிபார்க்க வேண்டும். பட்டாவும் புலப்படமும் ஒரு பிரதி எப்போதும் கையில் இருக்க வேண்டும்.